நாக்கர் என்னும் ஒரு சொல்

எங்கள் வீட்டில் ஒரு பழைய தகரப் பேணி உண்டு. என் பாட்டனார் திருவிழாக் காலங்களில் மாத்திரம் அணிந்த சட்டைகள் நைந்து கிழிந்த பின்பு, அவற்றிலிருந்த தெறிகளைப் பாட்டியார் அறுத்தெடுத்து அப்பேணியில் இட்டு வைத்தார். அவை சிப்பியினாற் செய்யப்பட்டவை. வெயிலிலே பிடித்தால் வெண்மைக்குள்ளிருந்து இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் எழுந்தெழுந்து மறையும். அத்தெறிகளுள் ஒன்றை ஒருநாள் வகுப்பறைக்குக் கொண்டு சென்று மாணாக்கரிடம் காட்டினேன். ஒளியைப் பற்றிய பாடம் அது. பின் வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இந்தப் பொருளுக்குத் தமிழிலே என்ன பெயர்?" என்று வினவினான். "சிப்பி" என்றேன். "சிப்பி என்பது அந்தப் பிராணியும் அதன் ஓடும் அல்லவா? ஓட்டின் உட்புறத்திலே மினுங்குகின்ற இதற்குத் தனிப் பெயர் இல்லையா?" என்றான் அவன். முப்பது ஆண்டுகள் ஆசிரியத் தொழில் செய்தவனாயினும் எனக்கு உடனே விடை வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று கூறி மணி அடிக்கும் வரை வேறு விடயங்களைப் பேசிச் சமாளித்தேன்.

அன்று மாலை அகராதிகளைப் புரட்டத் தொடங்கினேன். ஆங்கிலேயரும் இத்தாலியரும் ஜெர்மானியரும் இப்பொருளை 'முத்தின் தாய்' என்று பொருள்படும் சொற்களால் வழங்குகின்றனர். முத்தைக் கருவுற்று வளர்ப்பது இதுவே என்ற எண்ணத்தில் எழுந்த பெயர் அது. ஸ்பானியரிடத்திலும் 'மாத்ரெபெர்லா' என்றொரு சொல் உண்டு. முத்தின் தாய் என்பதே அதன் பொருளும். ஆனால் அதனை அவர்கள் பெரும்பாலும் அந்தச் சிப்பிப் பிராணிக்கே உரியதாக்கிவிட்டார்கள். உள்ளே மினுங்கும் பொருளுக்கு அவர்களிடம் வேறொரு சொல் இருக்கிறது. அது 'நாக்கர்'. முதலசையை அழுத்தி உச்சரிக்க வேண்டும். என் மாணவன் கேட்ட வேறுபாட்டை ஸ்பானிய மொழி தன் சொற்களஞ்சியத்திலேயே வைத்திருக்கக் கண்டு வியந்தேன். அந்தச் சொல்லின் வரலாற்றைத் தேடிச் சென்றபோது வியப்பு இன்னும் பெருகிற்று.

நாக்கர் என்பது ஸ்பெயின் தேசத்திற் பிறந்த சொல் அன்று. கி.பி. 711ஆம் ஆண்டிலே முஸ்லிம்கள் அத்தேசத்துட் புகுந்தனர். 1492இலே கிரனடா வீழ்ந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுக் காலத்தில் அராபி மொழிச் சொற்கள் ஆயிரக்கணக்காக ஸ்பானிய மொழியிற் கலந்தன. சர்க்கரை, பஞ்சு, எண்ணெய், தலையணை, ஊர்த்தலைவன் ஆகியவற்றைக் குறிக்க இன்றும் ஸ்பானியர் வழங்குவன அராபி வழிவந்த சொற்களே. சிறு முத்துக்களுக்கு அவர்கள் சொல்லும் 'அல்ஹோஃபர்' என்பதும் அத்தகையதே. அது 'அல் ஜௌஹர்' என்பதன் திரிபு. பண்டித நேருவின் பெயரிலுள்ள 'ஜவாஹர்' என்பது அந்த ஜௌஹரின் பன்மை வடிவம். நாக்கர் என்பதற்கும் அறிஞருட் பலர் அராபி மூலமே காட்டுகின்றனர். அம்மூலச் சொல் 'நக்காரா'. அதன் பொருள் முத்துமன்று, சிப்பியுமன்று, முரசு!

கிண்ணம்போற் குடைந்த அடிப்பாகமும் மேலே தோற்போர்வையும் கொண்ட முரசே நக்காரா. அச்சொல்லின் வேரில் அடித்தல், கொத்துதல், குடைதல் ஆகிய பொருள்கள் அடங்கியுள்ளன. சிலுவைப் போர்க் காலத்தில் ஐரோப்பியர் இம்முரசைக் கண்டு தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். இத்தாலியரிடம் அச்சொல் 'நாக்கெரா' ஆயிற்று. இன்றைக்கும் இத்தாலிய மொழியில் அச்சொல் ஒருபுறம் கையிலே தட்டி ஒலியெழுப்பும் மரச் சிப்லாக்கட்டையையும், மறுபுறம் மத்தியதரைக் கடலில் வாழும் பெரிய சிப்பி ஒன்றையும் குறிக்கின்றது. முரசு எவ்வாறு சிப்பியாயிற்று என்னும் வினாவுக்கு அந்த ஒரு சொல்லே அரைவாசி விடையாகும். உட்குடைந்த ஓடு முரசின் கிண்ணத்தை ஒத்தது என்பர். என் மனத்திற்குப் படுவது மற்றொன்று. நக்காரா முரசுகளைப் பெரும்பாலும் இரண்டிரண்டாகப் பூட்டி அடிப்பர். சிப்பிக்கும் ஓடுகள் இரண்டு. அந்த இரட்டைத் தன்மையும் பெயர் மாறியதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். இது என் ஊகமேயன்றி நூலோர் முடிபன்று.

நேயர்களே, அந்த நக்காரா கிழக்கு நோக்கியும் பயணம் செய்தது. பாரசீகம் கடந்து இந்துஸ்தானம் வந்து 'நகாரா' ஆகித் தமிழிலே 'நகரா' என்று நின்றது. நாகூர்த் தர்காவிலே நகரா முழங்கக் கேட்டவர்கள் நம்மிடையே பலர் உளர். ஆகவே அராபியில் தோன்றிய ஒரு முரசுச் சொல் ஒரு கிளையில் நாகூரிலே முரசாகவே ஒலிக்க, மற்றொரு கிளையில் மத்ரித் நகரத்து அகராதியில் ஓசையற்ற ஒளியாகிக் கிடக்கின்றது. என் பாட்டனாரின் சட்டைத் தெறியை ஸ்பானியர் 'பொத்தோன் தெ நாக்கர்' என்பர். அதில் 'பொத்தோன்' என்பது நாம் வழங்கும் 'பொத்தான்' என்பதன் நெருங்கிய உறவு. நம் பொத்தான் போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. ஸ்பானியரது பொத்தோன் அதன் உடன்பிறப்பு. இவ்வாறு பார்த்தால் அந்தத் தொடரின் இரு சொற்களுக்கும் தமிழிலே உறவினர் இருக்கின்றனர். சிப்பி ஓட்டைக் குறிக்கும் 'கொன்ச்சா' என்ற ஸ்பானியச் சொல்லையும் விட்டுவிடுவதற்கில்லை. லத்தீன், கிரேக்கம் வழியாக வந்த அச்சொல்லை மொழிநூலார் வடமொழியின் 'சங்க' என்பதோடு ஒப்பிடுவர். அதுவே நம் சங்கு.

இனி இச்சொல் ஸ்பானியரிடம் வழங்கும் வகைகளைக் காண்போம்.

முன்னாளில் நாக்கர் ஒரு நிறத்தின் பெயராகவும் இருந்தது. நாம் இன்று சிப்பி வெண்மை என்று எண்ணுகிறோம். அக்காலத்து ஸ்பானியரோ சிப்பியின் வெண்மையைக் காட்டிலும் அதிலெழும் செம்மையையே பெரிதாகக் கண்டனர் போலும். 'நாக்கராதோ' என்று அவர்கள் சொன்ன நிறம் பிரெஞ்சு மொழியில் 'நாக்கரா' என்று நுழைந்து, பளிச்சென்ற செம்மஞ்சட் சிவப்பைக் குறித்தது. ஒரே பொருளைப் பார்த்து ஒரு காலத்தார் சிவப்பு என்கின்றனர், மற்றொரு காலத்தார் வெள்ளை என்கின்றனர். பின்னாளிலே கவிஞர் கையிற் பட்டபோது நிலவும் பல்லும் பெண்ணின் தோளும் நெற்றியும் நாக்கர் ஆயின. இந்த உவமையைக் காலந்தோறும் கையாண்டு கையாண்டு தேய்த்துவிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் புலவர் முத்துப் பல்லையும் பவள வாயையும் விடாது பற்றிக்கொண்டமையை அறிந்த நாம் அவர்களைக் குறை கூறுதல் அழகன்று.

உலக வழக்கிலோ இச்சொல் இன்னும் உயிரோடிருக்கின்றது. முதல் நற்கருணை பெறும் சிறுவர் சிறுமியர் கையில் நாக்கர் அட்டையிட்ட சிறு செபநூலைக் கொடுப்பது ஸ்பெயினில் நீண்ட வழக்கம். செபமாலை மணிகள், விசிறிக் காம்புகள், கத்திப் பிடிகள், கித்தார் வாத்தியத்தின் பதிப்பு வேலைகள் எல்லாவற்றிலும் நாக்கர் உண்டு. தரங்குறைந்த நாக்கரை 'நாக்கரோன்' என்பர். சிறகின் உட்புறத்தில் வெள்ளி பூசினாற்போன்ற ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு 'நாக்கராதா' என்று பெயர். துருவப் பகுதிகளில் மிக உயரத்தே தோன்றும் பல நிற மேகங்களையும் நாக்கர் மேகங்கள் என்று வழங்குவர். இது குடும்பப் பெயருமாகும்: எபிரேய, கிரேக்க மூலங்களிலிருந்து ஸ்பானிய மொழிக்குப் பெயர்த்து 1944இல் வெளியான கத்தோலிக்கத் திருமறையை, அதனை மொழிபெயர்த்த எலொயினோ நாக்கர், அல்பெர்த்தோ கொலுங்கா என்னும் இருவர் பெயரால் 'நாக்கர் கொலுங்கா' என்றே அழைக்கின்றனர். 'நாக்ரா' என்ற கிளைச் சொல் மத்தியதரைக் கடலின் மிகப் பெரிய சிப்பிக்குப் பெயர். 2016இல் ஸ்பெயின் கரையோரங்களில் ஒரு நுண்ணுயிர் நோய் தோன்றி அவ்வினத்தைக் கூட்டங்கூட்டமாக மாய்த்துவிட்டது. இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கும் உயிர்களில் ஒன்று.

இப்பொருளின் அமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாக்கர் என்பது பெரும்பாலும் சுண்ணாம்பே. மிக மெல்லிய தகடுகள் செங்கல் அடுக்கினாற்போல் அடுக்கப்பட்டு, இடையிடையே உயிர்ப்பசை பூசப்பட்டிருக்கின்றன. தகடுகளின் கனம் ஒளியலையின் அளவோடு ஒத்திருப்பதனாலேயே நிறங்கள் தோன்றுகின்றன. சாயம் ஏதும் அதில் இல்லை. வெறுஞ் சுண்ணாம்புக் கனியத்தைவிட அது உடைவதைப் பல மடங்கு தாங்கும். அந்தக் கனியத்துக்கு அரகோனைட் என்று பெயர். ஸ்பெயினில் உள்ள மொலினா தெ அரகோன் என்னும் ஊரைக் கொண்டு அப்பெயர் இடப்பட்டது. ஆதலின் பொருளின் பெயரும் ஸ்பானியர் தந்தது, பொருளின் பொருளுக்குரிய பெயரும் ஸ்பானிய மண்ணிலிருந்தே வந்தது.

ஆயினும் இச்சொல்லை அழகுச் சொல்லாக மட்டும் எண்ணி நிறுத்திவிட முடியவில்லை. 1498இலே கொலம்பஸ் தமது மூன்றாவது பயணத்தில் இன்றைய வெனிசுவேலாவின் கரையை அடைந்தபோது, அங்குள்ள மக்கள் முத்தணிந்திருக்கக் கண்டார். சில ஆண்டுகளுக்குள் கூபாகுவா என்னும் சிறு தீவிலே ஸ்பானியர் குடியேறினர். குடிக்க நீர் இல்லாத தீவு அது. தண்ணீரைப் பெருநிலத்திலிருந்து படகிலே ஏற்றி வந்தனர். அங்கு எழுந்த நுவேவா காதிஸ் என்னும் ஊருக்கு 1528இல் நகரப் பதவியும் கிடைத்தது. அத்தீவின் சிப்பி நம் மன்னார்க் கடற் சிப்பிக்கு நெருங்கிய உறவுடைய இனம். ஓடு சிறியது, மெல்லியது. எனவே முத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை எறிந்துவிட்டனர். நாக்கருக்கு அங்கே விலை இல்லை. மூழ்கியவனுக்கும் விலை இல்லை என்று சொல்ல முடியாது; அவனுக்கு உயர்ந்த விலை இருந்தது. பஹாமாத் தீவுகளில் வாழ்ந்த லுக்காயர் என்னும் மக்கள் நீரில் மூழ்க வல்லவர்கள் என்பதனால் அவர்களை அடிமைகளாக்கிக் கூபாகுவாவுக்கு விற்றனர். பார்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ் என்னும் துறவி 1552இல் அச்சிட்ட நூலிலே, சூரியன் உதித்து மறையும் வரை மூழ்குவிக்கப்பட்ட அம்மக்களின் துன்பத்தை எழுதி வைத்துள்ளார். அதனை வகுப்பிலே வாசிக்க முயன்று இடையிலே நிறுத்திவிட்டேன்.

1542இல் ஸ்பானிய அரசர் பிறப்பித்த புதிய சட்டங்களில் முத்துக் குளிப்பைப் பற்றியும் ஒரு விதி உண்டு. சுதந்திரமான குடிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக முத்துக் குளிக்கக் கொண்டு செல்பவனுக்கு மரண தண்டனை. மூழ்குவோரின் உயிராபத்தைத் தவிர்க்க முடியாதாயின் அத்தொழிலையே நிறுத்திவிட வேண்டும். அரிய விதிதான். ஆனால் அது பிறந்தபோது கூபாகுவாவின் சிப்பிப் படுகைகள் வறண்டுவிட்டன. 1541இல் நகரமும் அழிந்து மக்கள் அகன்றுவிட்டனர். லுக்காயர் இனம் அதற்கு முன்பே பூமியிலிருந்து மறைந்துவிட்டது. பின்னர் பிற இடங்களில் ஆபிரிக்க அடிமைகள் மூழ்கினர்.

ஓட்டை எறிந்த அதே ஸ்பானியப் பேரரசில், ஒன்றரை நூற்றாண்டின் பின் அந்த ஓட்டுக்கே பெருமை வந்தது. 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து மெக்சிக்கோவின் அகாபுல்கோ துறைமுகத்துக்குக் கப்பல்கள் சென்றன. அவற்றிலே ஜப்பானியரின் அரக்குப் பேழைகளும் சென்றன. அவற்றின் மேல் நாக்கர்த் துண்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. அவ்வேலைப்பாட்டைக் கண்டு மெக்சிக்கோ ஓவியர் புதியதொரு முறையைக் கண்டனர். பலகையின் மேல் நாக்கர்த் துண்டுகளை ஒட்டி, அவற்றின்மேல் மிக மெல்லிதாக வர்ணம் பூசுவர். வர்ணத்தின் ஊடாகச் சிப்பியின் ஒளி கசியும். ஆடையும் கவசமும் அசைவன போலத் தோன்றும். இவற்றுக்கு 'என்கொன்ச்சாதோ' என்று பெயர். மிகேல் கொன்சாலெஸ், ஹுவான் கொன்சாலெஸ் என்னும் இருவர் 1698இலே மெக்சிக்கோ வெற்றியை 24 பலகைகளில் இவ்வாறு தீட்டினர். அவை மத்ரித் நகரத்து அமெரிக்க அரும்பொருளகத்தில் இருக்கின்றன. படங்களில் மட்டுமே அவற்றைக் கண்டுள்ளேன். வென்றவனது கவசமும் தோற்ற மொக்தெசூமாவின் உடையும் ஒரே சிப்பியினால் ஒரே விதமாக மினுங்குகின்றன. ஓவியர் அதைக் கருதிச் செய்தாரோ, அல்லரோ, பொருள் அவ்வாறு செய்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சட்டைத் தெறிக்காக நாக்கரைத் தேடும் காலம் வந்தது. மெக்சிக்கோவின் லா பாஸ் துறைமுகத்திலிருந்து ஓடுகள் மூட்டை மூட்டையாக ஐரோப்பாவுக்குச் சென்றன. அக்கடலில் இரு சிப்பியினங்கள் உள. ஒன்றை 'மாத்ரெபெர்லா' என்றும் மற்றதைக் 'கொன்ச்சா நாக்கர்' என்றும் அப்பகுதியார் இன்றும் பிரித்தே அழைக்கின்றனர். கடல் வெறுமையாவதைக் கண்ட காஸ்தோன் விவெஸ் என்பவர் எஸ்பிரித்து சாந்தோ தீவிலே 1903இல் சிப்பி வளர்க்கும் பண்ணையொன்றைத் தொடங்கி வெற்றியும் கண்டார். 1914இலே மெக்சிக்கோப் புரட்சியின் கலகத்தில் அது சிதைக்கப்பட்டது. பின்னர் 1940 அளவில் அரசாங்கம் சிப்பி எடுப்பதையே தடைசெய்ய நேர்ந்தது.

தெறிக்குத் திரும்புவோம். 1830ஆம் ஆண்டு. தென் அமெரிக்காவின் தென்கோடி. ஃபிட்ஸ்ராய் என்னும் ஆங்கிலக் கப்பற் தலைவர் யாகன் இனத்துச் சிறுவன் ஒருவனைப் படகிலிருந்து தம் கப்பலுக்கு ஏற்றிக்கொண்டார். அதற்குக் கைமாறாக அவனுடன் வந்தவரிடம் பெரிய நாக்கர்த் தெறி ஒன்றைக் கொடுத்தார் என்று அவரே எழுதியுள்ளார். சிறுவனின் பெயர் ஒருண்டெல்லிக்கோ. மாலுமிகள் அவனுக்கு 'ஜெமி பட்டன்' என்று பெயரிட்டனர். ஒரு மனிதனுடைய விலையையே அவனுக்குப் பெயராக வைத்தனர். இங்கிலாந்திலே அவனுக்கு ஆங்கிலமும் காலுறையும் கையுறையும் பழக்கினர். 1833இல், டார்வின் பயணம் செய்த அதே கப்பலில், அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டனர். அவனுடைய தாய்மொழி அவனுக்குப் பெரும்பாலும் மறந்துபோயிருந்ததை டார்வின் குறித்திருக்கிறார். மறு ஆண்டு கப்பல் மீண்டும் சென்றபோது அவன் மெலிந்து, முடி நீண்டு, தன் மக்களோடு இருந்தான். இங்கிலாந்துக்கு வருகிறாயா என்று கேட்டதற்கு வரமாட்டேன் என்றான்.

சிலி நாட்டு இயக்குநர் பத்ரீசியோ குஸ்மான் 2015இல் ஓர் ஆவணப் படம் வெளியிட்டார். அதன் பெயரே 'எல் பொத்தோன் தெ நாக்கர்', அதாவது நாக்கர்த் தெறி. பெர்லின் திரைப்பட விழாவில் திரைக்கதைக்காக அது வெள்ளிக் கரடிப் பரிசு பெற்றது. அதில் வருவது ஒரு தெறியன்று, இரண்டு. முதலாவது ஒருண்டெல்லிக்கோவின் தெறி. இரண்டாவதற்கு வேறு வரலாறு உண்டு. 1973 செப்தெம்பர் 11ஆந் திகதி ஜெனரல் பினொசே சிலியின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1990 வரை நீடித்த அவ்வாட்சியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர். அவர்களிற் பலரைத் துண்டு இருப்புப்பாதைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் கட்டி, ஹெலிகொப்டரிலிருந்து கடலில் எறிந்தனர். 1976இல் மார்த்தா உகார்த்தே என்னும் பெண்மணியின் உடல் கட்டு அவிழ்ந்து கரையொதுங்கியபோதுதான் இந்தச் செய்தி கசிந்தது. 2004இல் நீதிபதி ஒருவரின் கட்டளைப்படி மூழ்குவோர் கிந்தேரோ குடாவினுள் இறங்கித் தண்டவாளங்களை எடுத்து வந்தனர். உடல்கள் இல்லை, கடல் அவற்றைக் கரைத்துவிட்டது. துருவும் சிப்பியும் படிந்த ஒரு தண்டவாளத்தில் ஒரு சட்டைத் தெறி ஒட்டிக்கொண்டிருந்தது.

காணாமற்போனவர்களின் பெயர்ப் பட்டியலை நாமும் இந்நாட்டில் அறிந்தவர்கள். ஆகையால் இதைப் பற்றி அதிகம் விரித்துச் சொல்ல நான் விரும்பவில்லை.

யாகன் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதரான கிறிஸ்தினா கால்தெரோன் அம்மையார் குஸ்மானின் படத்திலே தோன்றுகின்றார். அவர் 2022ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் தமது 93ஆவது வயதிற் காலமானார். அந்தத் தண்டவாளங்கள் சந்தியாகோ நகரத்திலே, முன்பு வதைக்கூடமாயிருந்த வில்லா கிரிமால்தி என்னும் இடத்திலே, பார்ப்பதற்கு வைக்கப்பட்டிருக்கின்றன. தெறியும் அங்கேதான் இருக்கின்றது.